மெய்யில் தங்கும் அச்சம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாடிகளில் தஞ்சமடைந்த மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். வெள்ளம் சில நாள்களில் வடிந்துவிடும். அதைக் கண்ட குழந்தையின் அச்சமும் அவ்வாறே வடிந்துவிடுமா?

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சத்தின்போது உடலுக்குள் நிகழ்வதை இன்றைய மருத்துவம் விரிவாக விளக்குகிறது. மூளையின் ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை உணர்த்துகிறது. உடனே அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும், சற்றுப் பின்னர் கார்டிசோலும் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. உயிர்காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அமிக்டலாவை அமைதிப்படுத்த, உடல் இயல்புக்குத் திரும்புகிறது.

சிலருக்கு இவ்வமைதி எளிதில் திரும்புவதில்லை. மழையோசை கேட்டதும் திடுக்கிடுதல், கொடுங்கனவு, உறக்கமின்மை, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், கவனச்சிதறல் முதலியன ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கலாம். இந்நிலையே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் எனப்படுகிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தனது நோய் வகைப்பாட்டில் இதனைச் சேர்த்தது.

காய்ச்சலை வெப்பமானி காட்டுவதுபோல இவ்வுளைச்சலைக் காட்டும் உயிரியல் அடையாளம் உண்டா என ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர். இதயத்துடிப்பு, உமிழ்நீரிலும் சிறுநீரிலும் உள்ள கார்டிசோல், மூளையின் படங்கள் ஆகியவற்றை ஆராய்கின்றனர். விபத்தில் காயமுற்ற சிறுவர்களுள், தொடக்கத்தில் இதயத்துடிப்பு மிகுந்திருந்தோர்க்குப் பின்னாளில் இவ்வுளைச்சல் தோன்றும் வாய்ப்புக் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டின. நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, பாதிக்கப்பட்ட பெரியவர்கள் பலரிடம் சிறுத்துக் காணப்பட்டது. சிறுவர்களிடம் அம்மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. கார்டிசோல் அளவோ, பெரியவர்களிடம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளும், சிறுவர்களிடம் மிகுந்திருப்பதைச் சில ஆய்வுகளும் கண்டன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் உள. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருப்பது; பருவமாற்றத்தில் சுரப்பிகளின் போக்கும் மாறும். அதிர்ச்சி நேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கேற்பவும் அளவுகள் வேறுபடும். ஆகவே, பெரியவர்க்குரிய அளவுகோலால் சிறுவரை அளக்க இயலாது. குருதிச் சோதனை ஒன்றினாலோ மூளைப்படம் ஒன்றினாலோ இந்நோயை உறுதிசெய்யும் முறை இதுவரை இல்லை. பயிற்சி பெற்றோர் கேட்டும் கவனித்துமே இதனைக் கண்டறிகின்றனர். சிறு குழந்தை தன் அச்சத்தை விளையாட்டிலும் ஓவியத்திலும் காட்டக்கூடும்; வளரிளம் பருவத்தினர் எரிச்சலாலோ மௌனத்தாலோ காட்டக்கூடும்.

இதனை அறியாதவிடத்து, இரவெல்லாம் உறங்காத மாணவர் சோம்பேறி எனவும், திடுக்கிட்டுச் சினப்பவர் அடங்காதவர் எனவும் பழிக்கப்படுவர். அவருடைய உடல், முடிந்துபோன ஆபத்தை இன்னும் எதிர்கொண்டிருக்கிறது என்பதே உண்மை. வளரும் மூளை எளிதில் பாதிக்கப்படுவது. புதியன கற்று மீளும் ஆற்றலும் அதற்கு உண்டு. பாதுகாப்பான சூழலும், குடும்பத்தின் அரவணைப்பும், முறையான உளவியல் சிகிச்சையும் அம்மீட்சிக்குத் துணைபுரிகின்றன. 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம். கருவிகள் இன்னும் கண்டறிய இயலாத அச்சத்தை, பொறுமையுடன் கேட்கும் ஒருவரால் கண்டறிய இயலும்.