பென்சிலுக்கு முன்னே காது

தமிழில் எழுத்துகள் 247. எண்ணைக் கேட்டதும் மலைக்கும் பெற்றோர் உண்டு. குழந்தைக்குச் சிரமம் எண்ணிக்கையில் இல்லை. எழுத்தும் ஒலியும் சேரும் இடத்தில் இருக்கிறது.

அதனால் முதல் வேலை காதுக்குத்தான். மூன்று, நான்கு வயதில் 'பம்பரம்' என்பதைப் பம்-ப-ரம் என்று கைதட்டிப் பிரிப்பதும், 'கல்'லின் முதல் ஒலியை மாற்றிப் 'பல்' ஆக்குவதும் வெறும் விளையாட்டாகத் தெரியும். சொல் ஒலித்துண்டுகளால் ஆனது என்று குழந்தை கண்டுகொள்வது இங்கேதான். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால், அரிச்சுவடி முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளைகூடப் புதிய சொல்லைக் கண்டதும் விழிக்கும்.

அடுத்தது புத்தகத் தமிழ். வீட்டில் காதில் விழுவது 'வீட்ல இருக்காங்க'. அச்சில் இருப்பது 'வீட்டில் இருக்கிறார்கள்'. கதையைப் பேச்சுத் தமிழில் சொன்ன பிறகு, சில பக்கங்களையாவது அச்சில் உள்ளபடியே, வரியின் கீழ் விரலை ஓட்டி வாசித்துக் காட்ட வேண்டும். சொற்களுக்கு இடையே இடைவெளி உண்டு என்பதை அந்த விரலே கற்றுக்கொடுத்துவிடும்.

விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுத வைப்பது சடங்குக்குச் சரி. பயிற்சியை அதில் தொடங்குவதுதான் சிக்கல்: அ, இ இரண்டிலும் சுழியும் வளைவும் அதிகம். ட, ப, ம ஆகியவை எளிய கோடுகள். மேலே புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று அப்போதே சொற்கள் கிடைக்கின்றன. எழுத மணலே போதும். 1789இல் சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அந்த முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிறகு அது இங்கிலாந்து வரை போனது.

உண்மையான முடிச்சு உயிர்மெய்யில் விழுகிறது. துணைக்கால் எளிது, கொம்பு அப்படியல்ல. 'கெ' என்பதில் வாய் முதலில் சொல்வது க். கண் முதலில் காண்பது கொம்பு. 'கொ'வில் ஓர் உயிரொலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. உகரமோ கு, து, பு என மூன்று வடிவம் காட்டும். றா, னா, லை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் நீக்கியது. உகர, ஊகார வரிசைகள் தப்பிவிட்டன. ஆகவே அவற்றை வாய்பாடாக ஒப்பிக்கச் சொல்வதைவிட, பசு, பாம்பு, பூ என்று தெரிந்த சொற்களின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது மேல்.

தானாக எழுதத் தொடங்கும் குழந்தை 'பாட்டி'யைப் 'பாடி' என்று எழுதும். சிவப்பு மை இங்கே உதவாது. இரண்டையும் உரக்கச் சொல்லவைத்தால் விடுபட்ட 'ட்' காதிலேயே அகப்படும். எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவதும் ஆறு, ஏழு வயது வரை இயல்பே. அதற்குப் பிறகும் ஒலியையும் எழுத்தையும் இணைக்கத் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும்; அவற்றில் குறையில்லை என்றால், டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று உரிய வல்லுநரிடம் பார்க்க வேண்டும்.