"ஒரே கொசு"னு சொல்றீங்களா? இந்தியாவில் இருப்பது 400 வகைக்கு மேல்! இந்தப் பட்டியல் ஏன் முக்கியம்?

சாயங்காலம் 6 மணி ஆனால் போதும். மயிலாப்பூரில் ஜன்னலைச் சாத்துகிறார்கள், தி.நகரில் கொசு பேட்டைத் தேடுகிறார்கள், அடையாறில் லிக்விட் மெஷினை ஆன் செய்கிறார்கள். மூன்று இடத்திலும் புலம்பல் ஒன்றுதான்: "வீடு பூரா ஒரே கொசு!"

ஆனால் அது ஒரே கொசு இல்லை. உலகத்தில் 3,500க்கும் அதிகமான கொசு இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 400க்கு மேல் பதிவாகியுள்ளன. இதில் மனிதர்களுக்கு நோய் பரப்புபவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சரியாக அடையாளம் காணத்தான் இந்தக் கணக்கெடுப்பு.

சென்னையில் எந்தக் கொசு எங்கே?

அனோஃபிலஸ் ஸ்டீஃபென்சி: நகரத்து மலேரியாவுக்குக் காரணம் இதுதான். கிணறு, மூடாத ஓவர்ஹெட் டேங்க் போன்ற நல்ல தண்ணீரில் முட்டையிடும்.

ஏடிஸ் எஜிப்தி: டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும். காலில் வெள்ளை வரிகள் இருக்கும், பகலில் கடிக்கும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ட்ரே என்று கொஞ்சம் தண்ணீர் கிடைத்தாலே போதும்.

கியூலெக்ஸ் குயின்க்விஃபேசியேட்டஸ்: ராத்திரி காதுக்குள் ரீங்காரம் போடுவது பெரும்பாலும் இதுதான். கூவம், பக்கிங்காம் கால்வாய் மாதிரி சாக்கடை கலந்த நீரில் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்பும்.

ஆர்மிஜெரஸ்: பார்க்கவே பெருசா இருக்கும். செப்டிக் டேங்க்கில் வளரும், இருட்டும் நேரத்தில் கடிக்கும்.

இனம் மாறினால் தடுக்கும் வழியும் மாறும். கால்வாயில் மருந்து அடித்தால் கியூலெக்ஸ் குறையும். ஆனால் மொட்டை மாடி டயரில் இருக்கும் டெங்கு கொசுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கிணற்றில் மீன் விட்டால் ஸ்டீஃபென்சி புழுக்கள் குறையும், செப்டிக் டேங்க்குக்கு அது உதவாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் லைட் ட்ராப் வைத்துக் கொசுக்களைப் பிடிக்கிறார்கள். கிணறு, தொட்டிகளில் இருந்து புழுக்களையும் அள்ளி எடுத்து வளர்க்கிறார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் இறக்கையின் புள்ளி, காலின் பட்டை, முதுகின் கோடு என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு இருந்தால் ஏடிஸ் எஜிப்தி. நடுவில் ஒரே ஒரு நேர்கோடு என்றால் அதன் உறவுக்கார இனமான ஏடிஸ் ஆல்போபிக்டஸ். கண்ணால் பிரிக்க முடியாதபடி ஒன்றுபோல் இருந்தால் டிஎன்ஏ சோதனைதான் வழி.

பட்டியலை யார் போட்டது?

இந்தியக் கொசுக்களுக்கான முக்கியமான பழைய பதிவு, பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல் வரிசையில் வந்தது. 1933-ல் கிறிஸ்டோஃபர்ஸ் அனோஃபிலஸ் வகைகளையும், 1934-ல் பாராட் மற்ற வகைகளையும் தொகுத்தார்கள். 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் விலங்கினங்களைப் பதிவு செய்துவருகிறது. அதன் தென் மண்டல மையம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் 1975-லும், மதுரையில் 1985-லும் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளுக்காகவே ஆய்வு மையங்கள் வந்தன.

பட்டியல் என்பது வெறும் பெயர்க் கணக்கு இல்லை. முதலில் விவரித்தது யார், எந்த வருஷம், எங்கே கிடைத்தது, வேறு பெயர் உண்டா என எல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய யானைக்கால் ஆய்வுகளில் 'கியூலெக்ஸ் ஃபேட்டிகன்ஸ்' என்ற பெயர் வரும். அது வேறு கொசு இல்லை, நம்ம கியூலெக்ஸ் குயின்க்விஃபேசியேட்டஸேதான்! இது பதிவாகாமல் இருந்தால், ஒரே கொசுவை இரண்டாக எண்ணிவிடுவோம்.

மன்னாரில் நடந்தது என்ன?

2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருஷம் டிசம்பரில், மன்னாரில் வழக்கமாக நடக்கும் கொசு ஆய்வில் புதிய இனம் ஒன்று சிக்கியது. அதுதான் நம்ம ஊர் ஸ்டீஃபென்சி. அதுவரை அந்த நாட்டுப் பட்டியலில் அது இல்லை. இருப்பது எது என்று தெரிந்ததால்தான், புதுசா வந்தது எது என்று உடனே தெரிந்தது. கிணறுகளில் மீன் விடுவது, புழுக்கொல்லி போடுவது எனத் தடுப்பு வேலையும் தொடங்கியது.

ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் நடந்தது வேறு கதை. 2012-ல் அங்கே இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டபோது மலேரியா பாதிப்பு வெறும் 27 பேர். 2020-ல் 73,000-ஐத் தாண்டியது. இதற்கு ஸ்டீஃபென்சியின் வரவு முக்கியக் காரணம் என்கிறார்கள் நிபுணர்கள்.

நீங்களே பார்க்கலாம்!

வீட்டு பக்கெட்டில் புழு நெளிகிறதா? தண்ணீரின் மேல் படுத்த மாதிரி மிதந்தால் அனோஃபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். எதுவாக இருந்தாலும் காய்ந்த தரையில் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவவும் மறக்காதீர்கள். ஏடிஸ் முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்!