நரம்பும் நாமும் – 14: கட்டியா, அழற்சியா?

திடீரென்று ஒரு ஃபிட்ஸ். எம்.ஆர்.ஐ. எடுத்தால், சாம்பல் நிற மூளையின் நடுவே சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு வெள்ளை வளையம். "கேன்சரா டாக்டர்?" என்பதுதான் வீட்டாரின் முதல் கேள்வி. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பல நேரம் பதில் சொல்ல முடியாது. அந்த வெள்ளை, நோயின் நிறமல்ல. கையில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்து தேங்கிய இடம். ரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு உடைந்தால் மருந்து கசியும். புற்றுநோயும் அதை உடைக்கும், அழற்சியும் உடைக்கும்.

சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வருகிறவரிடம் இப்படிச் சின்ன வளையத்தைக் கண்டால் காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழுவினர் சிலவற்றை அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம்; அது சாகும்போது அதைச் சுற்றி மூண்ட அழற்சிதான் அந்த வளையம். 1989இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இவ்வகை வளையங்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் தாமே கரைந்துவிடும். எத்தனை தலைகள் கத்திக்குத் தப்பின! (பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் இது வரும், புழுவின் முட்டை கலந்த தண்ணீரும் கழுவாத கீரையும் போதும்.)

இந்தப் புழுவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. மூளையில் பல கட்டிகள் இருந்தால் அருமையாகப் பிடிக்கும். ஒற்றை வளையம் என்றால் பலமுறை கோட்டைவிடும். புழு பரவலாக உள்ள ஊர்களில், மூளையில் ஒன்றுமில்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும்.

புழுவால் வராத அழற்சியைக் கண்டுபிடிக்க இதைவிட உறுதியான ஒன்று உண்டு: மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் 2004இல் கண்டறிந்த ஆன்டிபாடி. அது தாக்குவது அக்வாபோரின்-4 என்ற புரதத்தை என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. தண்டுவடம் கட்டிபோல வீங்கித் தெரியும்போது இது பாசிட்டிவ் வந்தால், அழற்சிதான் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். இதற்கு முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரைவிட ரத்தமே மேல். ஆனால் நெகட்டிவ் வந்தால் அழற்சி இல்லை என்றாகிவிடாது. கட்டி என்றும் ஆகிவிடாது.

கட்டியை ரத்தத்தில் பிடிப்பதோ இன்னும் கடினம். கிளியோமா என்ற மூளைக் கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்துக்கு மிகச் சொற்பமாகவே வந்துசேர்கிறது. அதனால் கட்டியை உறுதிசெய்ய இன்றும் பயாப்சிதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அழற்சியாகத்தான் இருக்கும்' என்று ஸ்டீராய்டு போட்டதும் வளையம் சுருங்கினால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மூளை லிம்போமா என்ற புற்றுநோயும் ஸ்டீராய்டில் கரையும். பிறகு திரும்ப வரும். கரைந்திருக்கும் நேரத்தில் பயாப்சி எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மூளை வீக்கம் உயிருக்கு ஆபத்தாக இல்லாதவரை, ஸ்டீராய்டு தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "ஆன்டிபாடி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா? பயாப்சி தேவைப்படுமா?"

லிம்போமாவைத் தண்டுவட நீரில் தேடுவது எப்படி என்பது அடுத்த வாரம்.