பெயிண்ட் வாங்கும் முன் சுவரை அளப்போம்



பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் குடியிருக்கும் ஊர் நம் கரிவலம்வந்தநல்லூர். சாமி பேரிலேயே வண்ணம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பொங்கல் வந்தால் வீட்டுச் சுவரைச் சும்மா விடுவோமா?

முன்பு சுண்ணாம்பை நீற வைத்து, நீலம் கலந்து அடித்தோம். பத்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கரைத்துக்கொள்வோம். மிஞ்சினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இப்போது பெயிண்ட் காலம். மெஷினில் கலர் கலந்துவிட்டால், கடைக்காரர் பொதுவாகத் திரும்ப வாங்கமாட்டார்.

நம் உறுப்பினர் ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் குழுவில் கடன் வாங்கினார். கடையில் போய், "ஒரு ரூமுக்குப் பெயிண்ட் குடுங்கண்ணே" என்று கேட்டார். 10 லிட்டர் வாளியைக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் மிஞ்சி, மூலையில் கிடந்து கட்டியாகிப் போனது. அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டினார். அளவு சொல்லாமல் கேட்டால் யாரும் கூடுதலாகத்தானே கொடுப்பார்கள்? குழுக் கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கு பெரிதா என்ன! தையல் டேப் இருந்தாலே போதும். அதன் முழு நீளம் 60 அங்குலம், அதாவது 5 அடி.

அவர் வீட்டு அறையையே கணக்குப் போடுவோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி.

1. நான்கு சுவரின் நீளத்தையும் கூட்டுங்கள்: 12+10+12+10 = 44 அடி.

2. அதை உயரத்தால் பெருக்குங்கள்: 44 x 10 = 440 சதுர அடி.

3. கதவு, ஜன்னலைக் கழியுங்கள். கதவு 3 x 7 = 21. ஜன்னல் 3 x 4 = 12, இரண்டுக்கு 24. மொத்தம் 45. மீதி 395. கணக்குக்கு 400 என்று வைத்துக்கொள்வோம்.

4. ஒரு லிட்டர் எவ்வளவு இடத்துக்கு வரும் என்று டப்பாவில் பாருங்கள். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்றும் கேளுங்கள். ஒரு கோட்டுக்கு 200 சதுர அடி என்றால் இரண்டு கோட்டுக்கு 100தான். சதுர மீட்டரில் போட்டிருந்தால் 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும்.

5. வகுத்துப் பாருங்கள்: 400 ÷ 100 = 4 லிட்டர். அவ்வளவுதான்!

மேல்தளம் 12 x 10 = 120 சதுர அடி. அதற்குப் பெரும்பாலும் வெள்ளைதான் அடிப்போம். அதைத் தனியாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இன்னும் சில விஷயங்களைக் கவனியுங்கள். டப்பாவில் இருக்கும் அளவு வழவழப்பான சுவருக்கு உரியது. பட்டி பார்க்காத சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். அதனால் முதலில் ஒரு கோட் பிரைமர் அடித்தால் விலை கூடிய பெயிண்ட் மிச்சமாகும். பழைய சுண்ணாம்பு உதிர்ந்தால் சுரண்டி எடுத்த பிறகே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது காயட்டும்.

கூலி பேசும்போதும் உஷார். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பெயிண்டர் சொன்னால், தரை அளவா, சுவர் அளவா என்று கேளுங்கள். நம் கணக்கில் தரை 120 சதுர அடிதான். சுவரும் மேல்தளமும் சேர்ந்தால் 515 ஆகிறது! வேலை முடிந்த பிறகு சண்டை போடுவதைவிட முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அடுத்த குழுக் கூட்டத்தில், நாம் உட்காரும் அறையையே எல்லோரும் சேர்ந்து அளந்து பார்ப்போம். வீட்டு வேலைக்குக் கடன் கேட்கிறவர் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். தேவையான அளவுக்கு மட்டும் கடன் வாங்கினால் தவணையும் சுமையாக இருக்காது, சுவரும் பளிச்சென்று இருக்கும்.