உங்களுக்குத் தெரியுமா? உதிர்ந்துபோன ஸ்பீக்கரும் மீண்டும் பாடும்!

1970களில் அமெரிக்காவில் விற்பனையான ‘அட்வென்ட்’ ஸ்பீக்கர்கள் இன்றும் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. பெட்டி, காந்தம், காகிதக் கூம்பு எல்லாம் திடமாக இருக்கும். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் மட்டும் தொட்டாலே பொடியாக உதிரும்.

பாட்டுக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்ததல்ல இது. பாலியூரித்தேன் ஃபோமைக் காற்றின் ஈரப்பதமும் ஆக்சிஜனும் மெல்லச் சிதைக்கின்றன. பரணில் சும்மா கிடந்தாலும் 15, 20 ஆண்டுகளில் இதே கதிதான்.

இதற்காக நல்ல ஸ்பீக்கரைத் தூக்கி எறிவது அநியாயம். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டுவார்கள். அதன் வெளி விளிம்பை உலோகச் சட்டத்தில் ஒட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கூம்போடு சேர்ந்து காந்த இடுக்கில் அசையும் ‘வாய்ஸ் காயில்’ என்ற கம்பிச்சுருள் துல்லியமாக நடுவில் நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் உரசிக் கரகரக்கும். அதனால் கூம்பின் நடுவிலுள்ள தூசி மூடியை அறுத்தெடுத்து, காயிலுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைச் செருகுவார்கள்; பசை காய்ந்த பிறகே உருவுவார்கள். சிலர் மூடியைத் தொடாமல், 30 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, உரசல் கேட்கிறதா என்று கவனித்தபடியே ஒட்டுகிறார்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது முன்பக்கத் துணியைக் கழற்றி வளையத்தைப் பாருங்கள். பியூட்டைல் ரப்பர் வளையம் என்றால் ஃபோமைவிட நெடுநாள் உழைக்கும்.