முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போறீங்களா? கழிவறையைப் பாருங்க, கதவைப் பாருங்க!

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் மாதிரியான ஊர்களில், பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் வயதான அப்பா, அம்மா மட்டும். 'பகல்ல யார் பார்த்துக்கிறது?' என்ற கேள்வி கடைசியில் முதியோர் இல்லத்தில் வந்து நிற்கிறது. ஆனால், எந்த இல்லம் பாதுகாப்பானது? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஏன் இந்தக் கவலை?

2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய இல்லம் ஒன்றின் வேனில், சடலத்தோடு முதியவர்களும் காய்கறி மூட்டைகளும் ஏற்றிவரப்பட்டது தெரியவந்தது. அதிகாரிகள் ஆய்வுக்குப் பின், அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். சேர்த்துவிட்ட பெரியவரைப் பார்க்க வந்தபோது அவர் அங்கே இல்லை என்று உறவினர் கொடுத்த புகாரில்தான் அந்த விவகாரமே வெளியே வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டப்படி உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் நான்குமே 'பராமரிப்பு'தான். ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேர் தங்கும் அளவில் அமைக்கலாம் என்கிறது பிரிவு 19. இல்லங்கள் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதை மாநில அரசு வகுக்கலாம்.

நேரில் போனால் என்ன பார்க்கணும்?

* அனுமதி: பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று தேதியைப் பாருங்க.

* கழிவறை: வழுக்காத தரை, கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், இரவு விளக்கு இருக்கா? வருஷக்கணக்கில் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவரின் முழங்கால், குத்துக்கால் போட்டு உட்கார ஒத்துழைக்காது. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிடும் ஆபத்து அதிகம்.

* கதவு: இரவில் வெளியே பூட்டுகிறார்களா? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பிக்க முடியவில்லை. தீயணைப்புக் கருவி இருக்கா, அதை இயக்கத் தெரிந்தவர் இரவு டியூட்டியில் இருக்காரா என்று கேளுங்க.

* மருந்து, சாப்பாடு: யாருக்கு எந்த மாத்திரை, எப்போது கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கிறார்களா? சுகர் உள்ளவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே சாப்பாடா?

* மனசு: பேச ஆள், உட்கார திண்ணை, காற்று, வெளிச்சம், வீட்டுக்குப் பேச போன். இதெல்லாம் ஆடம்பரம் இல்லை.

சேர்த்துட்டா வேலை முடிஞ்சுதா?

இல்லை. சொல்லாமல் கொள்ளாமல், சாயங்கால நேரத்தில் போய்ப் பாருங்க. ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அது. அவரிடம் தனியாகப் பேசுங்க. 'இப்போ பார்க்க முடியாது' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதுவே எச்சரிக்கை மணி.

யாரிடம் சொல்வது?

மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567, தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை. மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் புகார் தரலாம். பிள்ளைகளே கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவரே மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை.