ஓப்சைட் தீர்ப்பும் மத்தியஸ்தரின் தவறும்

உதைபந்தாட்டம் பற்றிய வினாக்களில் மாணவர்கள் வீணாகப் புள்ளிகளை இழக்கும் பகுதி ஓப்சைட் விதியாகும். “ஓப்சைட் நிலையில் நிற்பது தவறு” எனப் பலர் எழுதுகின்றனர். இவ்விடை பிழையானது. அந்நிலையில் நிற்பது மட்டும் தவறன்று. அங்கிருந்து ஆட்டத்தில் ஈடுபடுவதே தவறாகும்.

1. ஓப்சைட் நிலை

சக வீரர் பந்தை உதைக்கும் அல்லது தொடும் கணத்தில், தாக்கும் வீரரின் தலை, உடல், பாதம் என்பவற்றில் ஏதேனும் ஒரு பகுதி பின்வரும் மூன்று நிபந்தனைகளுக்கும் உட்பட்டிருந்தால் அவர் ஓப்சைட் நிலையில் உள்ளார்.

• எதிரணியின் பாதி மைதானத்தினுள் இருத்தல்.
• பந்தை விட எதிரணியின் கோல் கோட்டுக்கு அருகில் இருத்தல்.
• எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரரை விடக் கோல் கோட்டுக்கு அருகில் இருத்தல்.

கைகள் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. கடைசிக்கு முந்திய வீரருடன் சம கோட்டில் நின்றால் ஓப்சைட் அல்ல.

உதாரணம்: கோல் காப்பாளர் பந்தைப் பிடிக்க முன்னே ஓடி வந்துவிட்டார். ஒரு பின்கள வீரர் மட்டும் கோல் கோட்டில் நிற்கிறார். தாக்கும் வீரர், பந்து, கோல் காப்பாளர் ஆகிய இரண்டையும் கடந்து நின்று சக வீரரிடமிருந்து பந்தைப் பெறுகிறார். கோல் கோட்டில் ஒருவர் நின்றாலும் இது ஓப்சைட் ஆகும். ஏனெனில் இப்போது கடைசிக்கு முந்திய வீரர் கோல் காப்பாளரே.

2. எப்போது தண்டிக்கப்படும்?

அந்நிலையில் உள்ளவர் சக வீரர் அனுப்பிய பந்தை விளையாடினாலோ, எதிரணி வீரருக்கு இடையூறு செய்தாலோ, கோல் கம்பத்தில் அல்லது எதிரணி வீரரில் பட்டுத் திரும்பும் பந்தைப் பெற்று அனுகூலம் அடைந்தாலோ எதிரணிக்கு மறைமுக பிரீ கிக் வழங்கப்படும். கோல் உதை, மூலை உதை, உள்ளெறிதல் ஆகியவற்றிலிருந்து பந்தை நேரடியாகப் பெறுபவர் ஓப்சைட் ஆகமாட்டார்.

3. தவறு ஏன் நேர்கிறது?

உதவி மத்தியஸ்தர் கடைசிக்கு முந்திய வீரருக்கு நேராகப் பக்கக் கோட்டில் ஓடவேண்டும். பந்து உதைக்கப்படும் கணம் ஓரிடத்தில். வீரர்கள் நிற்கும் கோடு வேறோரிடத்தில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்கவேண்டும். அதற்குள் தாக்கும் வீரர் முன்னோக்கியும் பின்கள வீரர் எதிர்த்திசையிலும் ஓடுவதால் ஒரு நொடிக்குள் நிலைமை மாறிவிடுகிறது. உதவி மத்தியஸ்தர் ஓரடி பின்தங்கினாலும் கோடு சரிந்து தெரியும்.

4. தவறான தீர்ப்பை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் ஆட்டம் மீண்டும் ஆரம்பமாவதற்கு முன்னரே மாற்றவேண்டும். ஆட்டம் மீள ஆரம்பித்த பின் மத்தியஸ்தர் தமது தவறை உணர்ந்தாலும் அத்தீர்ப்பை மாற்ற முடியாது. இரு சம்பவங்களைக் கவனியுங்கள்.

(அ) 2010 ஜூன் 27, தென்னாபிரிக்கா உலகக் கிண்ணம். மெக்சிக்கோவுக்கு எதிராக ஆர்ஜென்டீனாவின் டெவெஸ் ஓப்சைட் நிலையில் நின்று தலையால் முட்டி கோல் போட்டார். மைதானத்தின் பெரிய திரையில் அக்காட்சி காட்டப்பட்டது. எனினும் அக்காலத்தில் வீடியோவை ஆதாரமாகக் கொள்ள விதி இடமளிக்கவில்லை. கோல் நிலைத்தது, ஆர்ஜென்டீனா 3-1 என வென்றது.

(ஆ) 2018 இல் வீடியோ உதவி மத்தியஸ்தர் முறை விதிகளில் சேர்க்கப்பட்டு அவ்வருட உலகக் கிண்ணத்திலும் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் தவறு முற்றாக நீங்கவில்லை. 2023 செப்டெம்பர் 30 அன்று இங்கிலாந்து பிரீமியர் லீக் போட்டியில் டொட்டன்ஹாம் அணிக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டயஸ் போட்ட கோல் ஓப்சைட் என மறுக்கப்பட்டது. வீடியோவில் அது சரியான கோல் எனத் தெரிந்தது. ஆனால் வீடியோ மத்தியஸ்தர், மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டது எனத் தவறாக எண்ணிப் பரிசீலனை முடிந்ததாக அறிவித்தார். ஆட்டம் மீள ஆரம்பித்த பின்னரே தவறு புரிந்தது. விதிப்படி நிறுத்த முடியவில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது.

இவ்விதி கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முடிந்துபோன தீர்ப்புகளை எப்போதும் திருப்பலாம் என்றால் எந்தக் கோலும் உறுதியாகாது; எந்தப் போட்டியும் முடிவுறாது.

5. வீரர் கடைப்பிடிக்க வேண்டியவை

• கொடி உயர்ந்தாலும் விசில் ஊதும் வரை ஆட்டத்தை நிறுத்தக்கூடாது. உதவி மத்தியஸ்தர் ஆலோசனை கூறுபவரே, தீர்ப்பளிப்பவர் மத்தியஸ்தர்.
• கையை உயர்த்தி ஓப்சைட் கேட்டு நிற்காமல் எதிரணி வீரரைத் தொடர்ந்து ஓடவேண்டும்.
• சந்தேகம் இருந்தால் அணித்தலைவர் மாத்திரம் மரியாதையாகக் கேட்கலாம்.
• சொல்லாலோ செயலாலோ எதிர்ப்புக் காட்டினால் மஞ்சள் அட்டை. நிந்தித்துப் பேசினால் சிவப்பு அட்டை.

எமது பாடசாலை மைதானங்களில் வீடியோ இல்லை. அங்கு தவறு நேர்ந்தால் தீர்ப்பு மாறப்போவதில்லை. எஞ்சிய நிமிடங்கள் மாத்திரமே உங்கள் கையில் உள்ளன. அட்டை பெற்று வெளியேறுபவர் ஒரு தவறை இரண்டாக்குகிறார்.

மாதிரி வினா

மூலை உதையிலிருந்து நேரடியாக வந்த பந்தை, கோல் காப்பாளரையும் கடந்து நின்ற வீரர் கோலாக்கினார். தீர்ப்பு யாது? காரணம் தருக.

விடை: கோல் வழங்கப்படும். மூலை உதையிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறுபவருக்கு ஓப்சைட் விதி பொருந்தாது.